படப்பிடிப்பு முடிந்த தேதி

படத்துக்கும் ஒரு நாடு வேண்டும் என்பது என் படத்தை எடுத்து முடித்து இரண்டு வருடத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. ஒரு திரைப்பட விழாவில், சுவிஸ் படங்களுக்கான பிரிவில், ‘ஈர உடுப்பு’க்கு இடம் தருவதாக எழுதியிருந்தார்கள். கடைசிக் காட்சியைத் தனியாகப் பாராட்டியிருந்தார்கள். ஒரேயொரு நிபந்தனை: அது சுவிஸ் படம்தான் என்று தலைநகர் பேர்ணிலிருந்து சான்றிதழ் வர வேண்டும்.

விண்ணப்பம் பன்னிரண்டு பக்கம். இயக்கியவர் யார், எழுதியவர் யார், நடித்தவர்கள் யார், படப்பிடிப்பு நடந்தபோது ஒவ்வொருவரும் எங்கே வசித்தார்கள். முக்கியமான ஒவ்வொரு வேலைக்கும் புள்ளி. எங்கள் சனம் படம் எடுத்தால் மாட்டுப்படுவது இந்த இடத்தில்தான். ஒவ்வொரு நாட்டிலும் ஒரு மச்சான் இருப்பான், அவன் சும்மா செய்து தருவான். என் படத்தைத் தொகுத்தவன் லண்டனில். இசை பாரிஸில். கதாநாயகன் ஜெனுசனும் பாரிஸ்தான். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வந்து நடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை போய்விடுவான். சுவிஸ் கணக்கில் மிஞ்சியது மூன்று பேர்: நான், ஒளிப்பதிவு செய்த பிரவீனன், கதாநாயகி லக்சனா. மூவரும் சேர்ந்தால் புள்ளி சரியாக வரும். ஒருவர் குறைந்தாலும் வராது.

“படத்தைக் கூப்பிட்டு மலையளின்ரை பெயர் கேப்பினமோ மச்சான்?” என்றான் பிரவீனன். “என்ரை சித்தப்பா குடியுரிமை நேர்முகத்திலை ரெண்டு தரம் அதிலைதான் கோட்டை விட்டவர்.”

எனக்கும் அவனுக்கும் சுவிஸின் சிவப்புப் பாஸ்போர்ட் இருந்தது. லக்சனாவுக்கு இருந்தது சி பெர்மிட் என்ற நிரந்தர வதிவிட அனுமதி மட்டும். அவள் அப்போது இங்கேதான் வசித்தாள் என்று எம்மன்புரூக்கேயில் உள்ள கெமைண்டே, அதாவது ஊராட்சி அலுவலகம், எழுதித் தர வேண்டும். அதற்கு அவளுடைய கையெழுத்து வேண்டும். அவள் இப்போது டொரோண்டோவில்.

நானும் அவளும் இரண்டு வருடம் ஒன்றாக இருந்தோம். படப்பிடிப்பின் கடைசி நாள் காருக்குள் வைத்துச் சண்டை பிடித்தோம். எல்லோரும் சேர்ந்து சாப்பிட இருந்தோம். அவள் வீட்டுக்குப் போகவேண்டும் என்றாள். உனக்கு இந்தப் படம் ஒரு விளையாட்டு என்று கத்தினேன். ஒரு கிழமையில் அவள் கனடாவுக்குப் போய்விட்டாள். மூன்று மாதத்தில் கலியாணப் போட்டோ வந்தது. என் வாயால் கெட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஆத்திரத்தில் வீட்டார் காட்டியவனுக்குத் தலையாட்டிவிட்டாள் என்று. எனக்கு டீட்டிகோனில் பார்சல் தரம் பிரிக்கும் இடத்தில் இரவு வேலை. பட்டியில் பெட்டிகள் வந்துகொண்டே இருக்கும், யோசிக்கத் தடையில்லை. இரண்டு வருடம் அதையே யோசித்தேன். ஐந்து முறை மன்னிப்புக் கேட்டு எழுதினேன். ஒரு முறை ‘பரவாயில்லை’ என்று பதில் வந்தது.

இந்த முறை கையெழுத்துக் கேட்டு எழுதினேன். அன்றைக்கே போட்டு அனுப்பினாள்.

பத்து நாள் கழித்து, வேலை முடிந்து காலையில் வந்தபோது கெமைண்டேயின் கடிதம் தபால்பெட்டியில் கிடந்தது. ஒரே பக்கம். பெயர், பிறந்த தேதி, முகவரி. அதற்குக் கீழே, திருமணமானவர், 2021 நவம்பர் 19 முதல். அதற்கும் கீழே, 2022 மார்ச் 31இல் வசிப்பிடப் பதிவு நீக்கம், கனடாவுக்கு.

படப்பிடிப்பு தொடங்கியது 2022 ஜனவரியில். முடிந்தது ஏப்ரல் 16இல்.

நித்திரை வரவில்லை. பிற்பகல் இரண்டு மணிக்கு, அங்கே காலை எட்டுக்கு, அவளுக்குப் போன் எடுத்தேன்.

“கடிதம் வந்திட்டுதோ?” என்றாள். குரல் மாறவில்லை.

“வந்திட்டுது. கலியாணம் முடிச்சவ எண்டு கிடக்கு. நவம்பரிலை.”

காரின் சிக்னல் சத்தம் கேட்டது. ஓரமாக நிறுத்தினாள் போலிருந்தது.

“அது எழுத்து, நிரு. எழுத்து மட்டும்தான்.”

எங்கள் ஆட்களுக்கு எழுத்து வேறு, கலியாணம் வேறு. மாப்பிள்ளை கனடாவில் என்றால் முதலில் பதிவு. அந்தக் காகிதத்தை வைத்து ஸ்பொன்சர் போடுவார்கள். விசா வரும்வரை பெண் தன் வீட்டிலேயே இருப்பாள். தாலி ஏறவில்லை, அதனால் கலியாணம் இல்லை. அரசாங்கத்துக்கு மட்டும்தான் அது கலியாணம்.

“பெரியம்மாக்கு வருத்தம், ஆஸ்பத்திரியிலை எண்டெல்லோ அப்ப கொழும்புக்குப் போனனீ?”

“வருத்தம்தான். போன இடத்திலை எழுத்தும் நடந்தது.”

“ஒரு டிக்கெட்டிலை ரெண்டு வேலை.”

“குத்தாதை.”

“அப்ப ஜனவரி, பெப்ரவரி, மார்ச்? என்ரை அறையிலை வந்து நிண்டது?”

“அதுவும் பொய் இல்லை.”

“ரெண்டும் எப்பிடிப் பொய் இல்லாமல் போகும்?”

“எனக்குத் தெரியாது நிரு. அப்பிடித்தான் நடந்தது.”

“சரி. மார்ச்சோட பதிவை வெட்டிப்போட்டாய். பிறகேன் மூண்டு கிழமை நிண்டனீ?”

“அதை அம்மாட்டைக் கேள்” என்றாள்.

“ஆற்றை அம்மா?”

“உன்ரை அம்மாதான். கோயிலிலை ஆரோ எழுத்து விஷயத்தைச் சொல்லிப்போட்டினம். என்னைத் தேடி வந்தவ. பேசப்போறா எண்டு பயந்துபோய் நிண்டன். பேசேல்லை. ‘பிள்ளை, அவன் யூனியை விட்டான், பிறகு சேர்ந்த வேலைப் படிப்பையும் விட்டான். இந்த ஒண்டையாவது முடிக்கட்டும். முடியுமட்டும் சொல்லாதையும், போகாதையும்’ எண்டா. கையைப் பிடிச்சுக் கேட்டவ. நான் டிக்கெட்டை மாத்தினன்.”

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது.

“கடைசி நாள் சிரிச்சியே. அது?”

“எந்தச் சிரிப்பு?”

“உடுப்புத் தோய்க்கிற நிலவறையிலை. வெள்ளைச் சீலை மடிக்கேக்கை.”

“ஞாபகம் இல்லையடா” என்றாள். “உண்மையாய் ஞாபகம் இல்லை.”

அதுதான் விழாக்காரர் பாராட்டிய காட்சி. நாலு நிமிடம். ஒரு படுக்கை விரிப்பை அவளும் ஜெனுசனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மடிக்கிறார்கள். அவன் கை நழுவ, விரிப்பு அவள் தலையில் விழுகிறது. விலக்கிவிட்டுச் சிரிக்கிறாள். அவனைப் பார்த்தல்ல, கமராவுக்குப் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து. திட்டத்தில் இல்லாத சிரிப்பு. வேலை முடிந்து வரும் முதலாவது பஸ்ஸில் அதைப் போனில் பார்ப்பேன்.

மறுநாள் பேர்ணுக்குப் போன் எடுத்து, மார்ச் 31இல் பதிவு நீங்கிய நடிகைக்குப் புள்ளி கிடைக்குமா என்று அலுவலரிடம் கேட்டேன். ஃப்ராவ் எக்லி என்று பெயர். பொறுமையான மனுசி. “படத்தில் இருக்கும் காட்சிகளைத்தான் கணக்கில் எடுப்போம்” என்றார். “அவர் நடித்த பகுதியில் மார்ச் 31க்குப் பிறகு எடுத்தது ஏதாவது இருக்கிறதா?”

“பார்த்துச் சொல்கிறேன்” என்றேன்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்வது எனக்குப் பெரிய பாடில்லை. ஆனால் அன்று பின்னேரம் அந்த நாலு நிமிடத்தை இருபது தரமாவது ஓட்டிப் பார்த்தேன். அது எனக்காகச் சிரித்ததா, அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காகச் சிரித்ததா என்று பார்த்தேன். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கண்ணைப் பெரிதாக்கினேன், வாயைப் பெரிதாக்கினேன். புள்ளிகள்தான் பெரிதாகின.

லண்டனுக்குப் போன் எடுத்து, படத்தைத் தொகுத்தவனிடம் கடைசிக் காட்சியை வெட்டச் சொன்னேன்.

“விசரோ உனக்கு?” என்றான் மச்சான். “அதை எடுத்தால் படத்திலை என்ன கிடக்கு? ரெண்டு பேர், ஒரு மெஷின்.”

“சட்டம் அப்பிடி.”

“சட்டமோ? நீ எந்தச் சட்டத்தைக் கேட்டனீ இவ்வளவு நாளும்?”

“வெட்டு.”

விண்ணப்பத்தில் அவளுடைய கடைசிப் படப்பிடிப்பு நாள் மார்ச் 26 என்று எழுதினேன். மீதியாக இருந்த படத்துக்கு அது உண்மை. விழாக்காரருக்கும் புதிய பிரதியை அனுப்பினேன். மாற்றத்துக்கு வருந்துவதாகவும், இருந்தாலும் திரையிடுவதாகவும் எழுதினார்கள்.

ஐந்து கிழமையில் சான்றிதழ் வந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை முடிந்து வந்தவள், சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் நின்று வாசித்தாள். ஜெர்மனை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். இரண்டாம் தரமும் வாசித்தாள். என் பிறப்புப் பத்திரமும் பாதியில் நின்ற படிப்புகளின் காகிதங்களும் இருந்த கோப்பை எடுத்து, எல்லாவற்றுக்கும் முன்னால் அதை வைத்தாள்.

“முழுசாய் ஒருக்கால் போட்டுக் காட்டன்” என்றாள். முன்பு, தொகுப்பு முடியாத பிரதியை ஒருதரம் பார்த்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொலைக்காட்சியில் போட்டேன். நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தாள். உடுப்புத் தோய்க்கும் மெஷின் சுற்றி ஓயும் இடத்தில் திரை கறுத்தது.

“முடிஞ்சுதோ?”

“ஓம்.”

“அந்தச் சீலை மடிக்கிற இடம் எங்கை? அந்தப் பிள்ளை சிரிக்கிறது வரேல்லையே.”

“அது ஏப்ரலிலை எடுத்தது அம்மா. அப்ப அவ இந்த நாட்டிலை இல்லை.”

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. திரையில் பெயர்கள் ஏறிக்கொண்டிருந்தன. லண்டன், பாரிஸ், டீட்டிகோன்.

“ஆர் சொன்னது?” என்றாள்.

“கெமைண்டே.”

லக்சனாவையும் கேட்டாயோ என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருப்பேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

“நீ இதையாவது முடிக்கோணும் எண்டுதான் நான், ராசா...”

“முடிச்சிட்டன்தானே” என்றேன்.

அம்மா தலையாட்டினாள். ஓம் என்றா, இல்லை என்றா என்று நான் பார்க்கவில்லை. வேலைக்குப் போக முன்னம் கொஞ்சம் படுக்க வேண்டும் என்று எழும்பினேன்.