சகலையின் நம்பரும் அலமாரிக் கம்ப்யூட்டரும்

காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்பே அவன் பார்ப்பது சகலையின் நம்பரைத்தான். சகலை என்றால் மனைவியின் அக்கா வீட்டுக்காரர். தன் கம்ப்யூட்டரில் திரைப் படங்களை வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று சோதித்து, வரும் நம்பரைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவார். அது என்ன எழவு என்று அத்தைகளுக்கும் சித்திகளுக்கும் தெரியாது. ஆனாலும் வாழ்த்துகள் போட்டுவிடுவார்கள். இவனுக்கு வயிறு எரிய அது போதாதா?

இத்தனைக்கும் வீட்டிலிருந்த கம்ப்யூட்டர் இவனுடையதே அல்ல, மனைவியுடையது. இனிமேல்தான் கட்டப்போகும் கட்டடத்துக்குள் நடந்து பார்ப்பதுபோல் படம் செய்து தருபவள் அவள். முன்னறைதான் ஆபீஸ். அந்தக் கார்டு ஓடினால்தான் அவள் பிழைப்பு ஓடும்.

சகலையை முந்துவதற்காக, கார்டைச் செய்த கம்பெனி வைத்த அளவுக்கு மேல் கார்டின் வேகத்தை ஏற்றினான். அதற்கு ஓவர்கிளாக்கிங் என்று பெயர். கார்டுக்குப் போகும் மின்சாரத்தையும் கூட்டினான். சூடு ஏற ஏற உள்ளே இருந்த விசிறி மாவு மில் மாதிரி இரைந்தது. போன் பேச முடியவில்லை என்று அவள் சலித்துக்கொண்டாள். மனைவி சொல்லைத் தட்டாத மகராசன் விசிறியின் வேகத்தைக் குறைத்தான். அப்படியும் சத்தம் அடங்காததால் கம்ப்யூட்டரைத் தூக்கித் துணி அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினான். ஓடுகிறவனுக்குக் கம்பளி போர்த்திவிட்ட கதைதான்.

வீடு அமைதியானது. நம்பரும் ஏறியது. அத்தைகள் இவனையும் வாழ்த்தினார்கள்.

ஒரு விடுமுறை நாள். கம்ப்யூட்டர் கடைகள்கூடத் திறக்கவில்லை. சாயங்காலம் புதிதாகக் கட்டப்போகும் குழந்தைகள் நூலகத்தின் கமிட்டி கூடுகிறது. இவள் படம் அவர்களுக்குப் பிடித்துவிட்டால் நூலகத்தின் மொத்த வடிவமைப்பும் இவள் கைக்கு வரும். தொழில் தொடங்கியதிலிருந்து அவள் காத்திருந்த வாய்ப்பு அது. மதியம், படத்தின் கடைசிப் பகுதி தயாராகிக்கொண்டிருந்தபோது, திரையில் நூலகச் சுவரெல்லாம் ஊதாப் புள்ளிகள் வந்தன. பிறகு கோடுகள். பிறகு திரையே இருண்டுவிட்டது.

அலமாரியைத் திறந்தாள். அனல் முகத்தில் அடித்தது. மேல்தட்டில் இருந்த அவன் சட்டைகள் இஸ்திரி போட்டது போலச் சுட்டன. அவன் திக்கித் திணறி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். அவள் திட்டவில்லை, கண்தான் கலங்கியது. அதுதான் அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது. மானத்தைப் பார்க்காமல் சகலைக்குப் போன் செய்து, அவர் கம்ப்யூட்டரைக் கொண்டுவரச் சொல்லிக் கெஞ்சினான்.

சகலை வந்தார், வெறுங்கையோடு.

"என் கார்டு செத்து ரொம்ப நாளாச்சு சகலை. நானும் இப்படித்தான் ஏத்தி ஏத்தி ஓட்டினேன். கவுரவத்த விட முடியல. பழைய படங்களத்தான் ஒண்ணொண்ணா எடுத்துப் போட்டுக்கிட்டு இருக்கேன்."

செத்த கார்டோடு இத்தனை நாள் ஓட்டப்பந்தயம். பெருமைக்கு எருமை மேய்த்த இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அழுவதா என்று நின்றவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

சிரித்த வேகத்தில் தெளிவும் வந்தது அவளுக்கு. கம்ப்யூட்டரை ஜன்னலோரம் தூக்கி வைத்து, பக்கத் தகட்டைக் கழற்றி, தூசியைத் தட்டினாள். சூடு ஆறும்வரை காத்திருந்தாள். கார்டின் வேகத்தைக் கம்பெனி அளவுக்கும் ஒரு படி கீழே இறக்கி, விசிறியை முழுசாக ஓடவிட்டாள். கார்டு கண் விழித்தது. சகலை வீட்டிலிருந்த மேஜை விசிறியை அதற்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் வேகம் கூட்டலாமா என்று கேட்க வாயெடுத்த கணவன், அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான். பதறாத காரியம் சிதறாது. படம் மெதுவாக, ஒரு புள்ளி இல்லாமல் முடிந்தது. தலையைக்கூடச் சீவாமல் கமிட்டிக்கு ஓடினாள்.

வேலை அவளுக்கே கிடைத்தது. ஆனால் கார்டு பழைய கார்டு இல்லை. கொஞ்சம் வேலைப் பாரம் ஏறினாலே ஊதாப் புள்ளி எட்டிப்பார்த்தது.

மறுநாள் காலை கணவன் குழுவில் நடந்ததை மறைக்காமல் எழுதினான். கார்டின் சூடு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று ஒரு நம்பரையும் போட்டான். அத்தைகள் வாழ்த்தினார்கள். நான் பிடித்த மேஜை விசிறியால்தான் குறைந்தது என்று சகலை உடனே பங்கு கேட்டார்.

பின்னால் நின்று படித்த மனைவி அவன் தோளில் தட்டினாள்.

"செஞ்சவன் ஒரு அளவு வச்சுத்தாங்க குடுத்திருக்கான். அந்த அளவுல ஓட்டினா வருஷக்கணக்கா உழைக்கும். ஊர் மெச்சணும்னு ஓட்டினா சூட்டுலயே ஆயுசு போயிடும். முந்தி ஓடுறது பெருசில்ல, நாளைக்கும் ஓடணும்."