பூசணம் பூத்த அறை

மஹேஷ் இரண்டாவது குடத்தைத் தலையில் கவிழ்த்தபோது அப்பா இருமினார்.

மூன்று இருமல், கடைசியில் ஒரு செருமல். கரமனைத் தெருவில் அதை அறியாத வீடில்லை; பால்காரர் அதைக் கேட்டுத்தான் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார். ஆனால் அப்பா சேஷன் விடிகிற நேரத்திலேயே ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். இப்போது கூடத்தில் தெற்கே தலைவைத்து, மூக்கில் பஞ்சோடு கிடந்தார். இறந்தவர்கள் பொதுவாக இருமுவதில்லை.

வாத்தியாரின் மந்திரம் நின்றது.

"கேட்டேளா?" என்றாள் அம்மா சூடாமணி.

"மழைச் சத்தமாக்கும், மன்னி" என்றார் சித்தப்பா ஹரிநாராயணன். சொல்லிவிட்டு அண்ணாவின் மூக்குப் பஞ்சைச் சரிபார்த்துக்கொண்டார்.

மறுபடி இருமல். மூடியிருந்த அப்பாவின் அறையிலிருந்து.

மஹேஷ் ஈரவேட்டியோடு போய்க் கதவைத் திறந்தான். துணைக்கு ஒருவரும் வரவில்லை.

கட்டிலுக்கு எதிரே கண்ணாடித் தொட்டி. அதற்குள் தளவாய், அப்பா ஒன்பது வருஷமாக வளர்க்கும் சிவப்புக்கால் ஆமை. ஈரம் குறைந்தால் அதற்கு ஆகாது, மிஞ்சினால் பூசணம். அதனால் அப்பா தினமும் தொட்டியின் தென்னைநார்த் தூளைக் கிளறி, ஒரு பிடி பிழிந்து பார்ப்பார். மஹேஷின் கல்யாணத்தில் மாலை மாற்றும் நேரத்தில்கூடக் கிளறத்தான் போயிருந்தார். அன்றிலிருந்து மஹேஷ் இந்த அறைக்குள் வந்ததில்லை.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த பன்னிரண்டு நாளும், வாசற்படியில் நின்றபடியே குழாயை நீட்டித் தொட்டிமேல் பீய்ச்சினான். இரைச்சல் என்று தொட்டியின் சின்ன விசிறியையும் அணைத்துவிட்டான்.

"தண்ணி மூலையில மட்டும் விட்டியாடா? மேலே வெள்ளையா ஏதும் இருக்கா?" நேற்று ஃபோனில் அப்பாவின் கடைசிக் கேள்வி.

"ஒண்ணும் இல்லைப்பா."

தூளின்மேல், மரக்கட்டையின்மேல், ஆமையோட்டின் விளிம்பில் எங்கும் வெள்ளை. தளவாய் கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து இருமியது. மூன்று இருமல், ஒரு செருமல். ஆமைக்கு இருமத் தெரியாது என்று சொல்லும் நிபுணர்கள் யாரும் அன்று கரமனையில் இல்லை. இருமி முடித்து அவனைப் பார்த்தது. மஹேஷ் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

வாசலில் சித்தப்பா. "டேய், குளிச்சு மடியா நிக்கறே, அதைத் தொடாதே. போறதுன்னா போகட்டும், அண்ணாவுக்குத் துணை."

"போகாது. டாக்டரைக் கூப்பிடுங்கோ."

"இனிமே எதுக்குடா டாக்டர்?"

"தளவாய்க்கு."

"தைக்காட்டு மயானத்துல ரெண்டு மணிக்கு எரிக்கணும். வாத்யார் வாய்க்கரிசிக்கு நிக்கறார், கேட்டியோ?"

"நிக்கட்டும். அஞ்சு நிமிஷம்."

ஆமையைத் துடைத்து அப்பாவின் கட்டிலில் விட்டான். பூத்த தூளையெல்லாம் வாளியில் அள்ளினான். கட்டையை வெளியே எறிந்தான். கண்ணாடியைத் துடைத்து, கட்டிலடிச் சாக்கிலிருந்த புதுத் தூளைப் பரப்பி, நான்கு மூலையில் மட்டும் தண்ணீர் விட்டுக் கிளறினான். விசிறியைப் போட்டான். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தான். முழங்கை வரை வழிந்தது. உலர்ந்த தூளைச் சேர்த்து மறுபடி பிழிந்தான். இம்முறை சொட்டவில்லை, பிடி உதிராமல் நின்றது.

"போறும்" என்றது குரல்.

திரும்பினான். சித்தப்பா கூடத்துக்குப் போயிருந்தார். அறையில் தளவாய் மட்டும், வாயை மூடிக்கொண்டு.

"சரிப்பா" என்றான் மஹேஷ்.

தளவாயைத் தொட்டியில் விட்டு, கூரையிலிருந்து வழிந்த மழைத்தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு கூடத்துக்கு வந்தான். வாத்தியார் உள்ளங்கையில் அரிசியை வைத்தார். குனிந்து அப்பாவின் வாயில் இட்டான்.

அரிசியோடு ஒரு பழுப்புத் தென்னைநாரும் உதட்டில் ஒட்டியது. சித்தப்பா அதை எடுக்கக் கை நீட்டினார். சூடாமணி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.