பிணக்கதவு

சவப்பெட்டிக்காரர் ப்ரைஸ் இரண்டாம் முறையாக மாடிப்படியின் வளைவை டேப்பால் அளந்துவிட்டு, தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"திரும்பாதும்மா. இந்தச் சுவருக்குள்ள பெட்டி திரும்பவே திரும்பாது."

அது மெலெரிக்குத் தெரியாததா? மூன்றடிக் கல்சுவருக்குள், புகைபோக்கியை ஒட்டிச் சுருண்டு ஏறும் படி. துணிக்கூடையோடு ஏறினாலே முழங்கை சிராய்க்கும். மாடியில் அப்பா டெக்வின் நேற்று விடியற்காலையிலிருந்து வெள்ளைத் துணிக்குக் கீழே கிடக்கிறார்.

"அதனால என்ன?" என்றான் தம்பி கெரைன்ட். கையில் லாவண்டர் ஸ்ப்ரே. வந்ததிலிருந்து அறை அறையாக அடித்துத் தள்ளுகிறான், பெற்ற அப்பன் இல்லை, எலி செத்துக் கிடக்கிற மாதிரி. "பையில வச்சு, வார் போட்டுக் கட்டி, நிக்க வச்சு இறக்கிடலாம். இப்பல்லாம் அப்படித்தானே பண்றாங்க?"

"பண்றதுண்டு." ப்ரைஸ் தரையைப் பார்த்தார். "ஆனா வளைவுல ஆளைக் கொஞ்சம் மடக்கணும்."

மெலெரி தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"அம்மாவை இறக்கின மாதிரிதான் அப்பாவையும் இறக்கணும்."

"ஐயோ, ஆரம்பிச்சுட்டியா அக்கா!"

இந்த வீட்டு மாடியில் செத்தவர்கள் யாரும் படி வழியாக வந்ததில்லை. அப்பாவின் அறைத் தரையில், இரண்டு ஓக் உத்தரங்களுக்கு நடுவே, ஆள் நீளத்துக்கு ஒரு பலகைக் கதவு. திறந்தால் நேராகக் கீழே கூடம். வீட்டில் அதற்குப் பிணக்கதவு என்றே பெயர். கயிறு கட்டி, படுத்த வாக்கில், மரியாதையாக இறக்குவார்கள். போன வசந்தத்தில் கார்டிஃபிலிருந்து வந்த கெரைன்ட், கூடத்தை விருந்தினர் விடுதியாக்குகிறேன் பேர்வழி என்று அதற்கு அடியில் ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடிவிட்டான்.

அதற்கு எந்த வெள்ளை அடிப்பது என்று தேர்ந்தெடுத்தது மெலெரிதான். அன்று அப்பா தேநீர்க் கோப்பையோடு அண்ணாந்து பார்த்துவிட்டு, "அப்ப நான் எப்படிடா இறங்குவேன்?" என்றார். "ஜன்னல் வழியா குதிச்சிடுங்க" என்றான் கெரைன்ட். எல்லோரும் சிரித்தார்கள். மெலெரியும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் லாவண்டர் நாற்றமே தேவலை என்றிருந்தது. சீ, நானும் ஒரு மகள்.

"சனிக்கிழமை தங்குறதுக்கு ஆள் வராங்கக்கா. போட்டோவெல்லாம் பார்த்துட்டு வராங்க. சீலிங்ல கை வச்சேன்னா..."

"அப்பா செத்திருக்கார்டா."

"தெரியும். அதுக்காக வீட்டை இடிக்கணுமா?"

"தூ" என்றாள், ப்ரைஸ் முன்னாலேயே. மூலையில் சாய்த்திருந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள்.

கட்டில் சுவரோரம் இருந்தது. குளிர்காலத்துக்கு முன்னாலேயே அப்பா அதை அறை நடுவிலிருந்து ஜன்னலுக்குக் கீழே நகர்த்திப் போட்டிருந்தார். "குளிர்ல விறைச்சுச் சாகவா?" என்று அவள் எத்தனையோ நாள் கத்தியிருக்கிறாள். அவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார். கம்பளத்தைச் சுருட்டினாள். அம்மாவுக்கு அப்புறம் பதினான்கு வருஷம் திறக்காத கதவு. துருப்பிடித்து இறுகியிருக்கும் என்று கடப்பாரையை ஓங்கியவள், முதலில் வளையத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

முனகல்கூட இல்லாமல் கதவு திறந்துகொண்டது.

கீல்களில் ஆட்டு மடிக்குத் தடவுகிற களிம்பு, கொழகொழவென்று, புதிதாக. உத்தரத்தின் விளிம்பில் இரண்டு புதுக் கயிறுகள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. எண்பத்திரண்டு வயதில், அந்த முழங்காலை வைத்துக்கொண்டு, அப்பா எப்படித்தான் மண்டியிட்டாரோ.

அதற்குக் கீழே, அவள் தேர்ந்தெடுத்த வெள்ளை அடித்த சீலிங்கின் முதுகு.

"அக்கா, இரு! சோபா மேல துணியாவது போட்டுக்கறேன்!"

"தள்ளி நில்லுடா" என்றாள் மெலெரி. உத்தரத்தில் உட்கார்ந்து, சேற்று பூட்ஸோடு நடுவில் ஓங்கி உதைத்தாள். மூன்றாவது உதையில் மொத்தமும் பெயர்ந்து விழுந்தது. புழுதி அடங்கியபோது, கையில் ஸ்ப்ரேயோடு, தலையெல்லாம் வெள்ளையாகக் கெரைன்ட் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் ப்ரைஸ் தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு இரண்டு கைகளையும் மேலே நீட்டினார்.

மெலெரி களிம்புக் கையைத் துடைக்காமலே கயிற்றின் ஒரு நுனியைக் கீழே விட்டாள்.