ஒன்று தட்டினால் ஆமாம்

ஆஸ்பத்திரி முன்னாலிருந்த வெள்ளைக் கோட்டுக்கு இப்பால் நின்று, மூடிய ஜன்னலைப் பார்த்துச் செங்கமலம் கத்தினாள்.

"ஏங்க, அம்மை குத்துறவங்க நம்ம பிளாக்குக்கு வந்துக்கினு இருக்காங்க. பொண்ணு தனத்துக்குக் குத்திடட்டுங்களா?"

கோடு பிளீச்சிங் பவுடரால் போட்டது. நெய்வேலியில் ஒரு குவார்ட்டர்ஸ் வாங்குவதற்குள் தலை நரைத்துவிடும். அந்த வருஷம் பெரியம்மை மட்டும் அலாட்மென்ட் ஆர்டர் இல்லாமலே எல்லா பிளாக்கிலும் குடிவந்துவிட்டது. புற்றுநோய் வார்டுக்குள் அது நுழைந்தால் ஒருவரும் தேறமாட்டார்கள் என்று சிஸ்டர் செசிலியா கதவைச் சாத்திவிட்டாள். உள்ளே இருந்த நர்சுகளும் ஆயாவும் வீட்டுக்குப் போவதில்லை. ஆரஞ்சுப் பழம்கூட வெந்நீரில் குளித்துவிட்டுத்தான் உள்ளே போனது.

செங்கமலத்தின் புருஷன் சடையப்பனுக்கு நாக்கில் புற்று. ரேடியம் ஊசி செருகியிருந்ததால் பேச்சில்லை. ஜன்னல் கண்ணாடிக்கு வெள்ளைப் பெயின்ட், அதனால் முகமும் இல்லை. ஒன்று தட்டினால் ஆமாம், இரண்டு தட்டினால் இல்லை என்று ஏற்பாடு. அவன் எதற்கும் இல்லை என்றே சொல்லிப் பழகியவன். குத்தினால் ஆத்தா கோவிச்சுக்குவா என்று அம்மை குத்த வந்தவர்களைப் போன தடவை விரட்டியே விட்டான்.

டொக்.

இன்னொன்று வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"நெசமாவா சொல்றீங்க?"

டொக்.

நோவு மனுஷனைத் திருத்திவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். அன்றைக்கே தனத்தின் கையில் குத்தியாயிற்று.

மறுநாள் சிஸ்டர் அவளை மட்டும் பின்பக்கம் வரச் சொல்லி, கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் தள்ளி நின்றாள். முந்தாநாள் ராத்திரியே சடையப்பனின் உயிர் போய்விட்டது. பிண வண்டி கிடைத்ததும் சொல்லலாம் என்று இருந்தார்களாம். இப்போது வண்டி வந்துவிட்டது.

செங்கமலத்துக்கு முதலில் அழுகை வரவில்லை.

"அப்ப நேத்து தட்டுனது யாரு சிஸ்டர்?"

சிஸ்டர் வேலிக் கம்பியைப் பார்த்தாள். "ஆயாதாம்மா. யாரு எது கேட்டாலும் ஒரு தட்டு தட்டச் சொல்லியிருக்கேன்."

"எது கேட்டாலுமா?"

"எல்லா ஜன்னல்லயும்."

பெண்டாட்டி பேச்சுக்குச் சடையப்பன் முதல்முறையாகச் சம்மதித்தது செத்த பிறகுதான். செங்கமலத்தின் வாய் தானாகத் திறந்தது.

"இங்க அழுதுடாதம்மா. ஒருத்தி அழுதா எல்லாரும் கோட்டத் தாண்டி ஓடியாந்துருவாங்க. உள்ள இருக்கிற உசுருங்க தாங்காது."

அவள் முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள். வண்டிக்குப் போக முன்பக்கமாகத்தான் வழி.

கோட்டோரம் பண்ருட்டியிலிருந்து வந்த வீராயி இன்னொரு ஜன்னலைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். "ஏங்க, வர்ற வாரம் வூட்டுக்கு வந்துருவீங்கல்ல?"

டொக்.

வீராயி முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினாள். "கேட்டுச்சா அக்கா? வந்துருவாராம்."

செங்கமலம் வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள். "கேட்டுச்சு."

வீராயியின் புடவைத் தலைப்பு காற்றில் நழுவி, கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்து கிடந்தது. செங்கமலம் குனிந்து, அதை இழுத்து இந்தப் பக்கம் போட்டாள்.