வட்ட மேசையை யாரும் பார்க்கவில்லை

பிடித்த பொருளைப் பார்க்கவே கூடாது என்பது ஐசும்மா பால் மறந்த வயதில் கற்ற பாடம். அவளுடைய அத்தா வாணியங்குளம் சந்தையில் மாட்டு வியாபாரி. வேண்டிய மாட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வேண்டாத மாட்டின் வாயைப் பிளந்து பல் பார்ப்பார். கிளம்புகிற நேரத்தில்தான், "ஆமா, இந்தக் கிழடு என்ன வெல?" என்று வேண்டியதைக் காட்டிக் கேட்பார். அந்த விலையையும் வாயால் பேசுவதில்லை. இரண்டு பேர் கைக்கும் மேலே ஒரு துண்டு. அதற்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேச்சு. வாய் எவ்வளவு வேண்டுமானாலும் புளுகலாம், துண்டுக்கடியில் விரல் புளுகக் கூடாது. அங்கே புளுகினவனுக்கு மறுவாரம் சந்தையில் கைகொடுக்க ஆள் இருக்காது.

அவளைக் கட்டிக்கொண்ட உமர் ராவுத்தர் முதலமடையில் மாங்காய் வியாபாரி. பூவிலேயே தோப்பைப் பேசி முடிக்கிறவர். நல்ல தோப்பு என்று தெரிந்துவிட்டால் உடனே தலையில் கைவைத்துக்கொண்டு, "பூவெல்லாம் கருகிக் கெடக்கே" என்று இழவு வீட்டுக் குரலில் ஆரம்பிப்பார். இப்படிப்பட்ட இரண்டு பேருக்கு நிக்காஹ் செய்து வைத்தவர்கள், இவர்கள் எப்படி வீட்டுச் சாமான் வாங்கப் போகிறார்கள் என்று யோசிக்காமல் விட்டுவிட்டார்கள்.

இருவருக்கும் இது இரண்டாம் கலியாணம். முதலமடை ஸ்டேஷன் பக்கத்தில் உமர் கட்டிய புது வீட்டில் சுண்ணாம்பு வாசம் இன்னும் போகவில்லை. கட்டிலை உமரின் அக்கா சீராகக் கொடுத்துவிட்டாள். வாங்க வேண்டியது சாப்பாட்டு மேசை.

ஐசும்மாவுக்கு எந்த மேசை வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். முதல் புருஷன் மௌத்தான பிறகு பாலக்காட்டில் அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, அடுப்படியில் சட்டியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு கடைசியாகச் சாப்பிடுவாள். யாரும் அவளை உட்காராதே என்று சொன்னதில்லை. உட்கார் என்றும் சொன்னதில்லை. இங்கே உமரும் ரயிலைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுகிறார். அவளுக்கு வேண்டியது சின்ன மேசை, இரண்டே நாற்காலி. எதிரெதிரே உட்கார்ந்து, சோறு ஆறுகிற வரைக்கும் பேச வேண்டும். இதைப் புதுப் புருஷனிடம் எந்த வாயால் சொல்வது?

மாங்காய் முடிந்த ஆனி மாதம் கடை பார்க்கக் கிளம்பினார்கள். முதலில் பாலக்காட்டில் சுல்தான்பேட்டைக் கடை. மேலே பச்சைத் தகடு ஒட்டி, முகம் பார்க்கலாம் போல ஒரு மேசை. சுற்றி ஆறு நாற்காலி. வேண்டாததைப் புகழ வேண்டும் என்ற வழக்கப்படி ஐசும்மா அதைத் தடவிக் கொடுத்து, "இது சோக்கா இருக்கே மச்சான்" என்றாள். உமர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மனதுக்குள் வாங்கி வைத்துக்கொண்டார்.

அடுத்தது பொள்ளாச்சி. அங்கே கால் கடைந்த மேசை ஒன்றுக்கு உமர் பொழுது போகிற வரைக்கும் குற்றம் சொன்னார். கடைக்காரர் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு அதிலும் காரம் பத்தவில்லை என்றார்.

திரும்பும் வழியில் மீனாட்சிபுரத்தில் இறங்கி அழகுமலை என்பவரின் கடைக்குள் நுழைந்தபோதுதான் ஐசும்மாவின் கண்ணில் அது பட்டது. வாசலை மறித்துக்கொண்டு கிடந்தது ஒரு வட்ட மேசை. ஈட்டி மரம். இரண்டே நாற்காலி. யாரோ வாத்தியார் சொல்லிச் செய்யவைத்து, மாற்றலாகிப் போனதால் எடுக்காமல் விட்டதாம். ஐசும்மா சட்டென்று அதற்கு முதுகைக் காட்டினாள். உமரும் அதைச் சுற்றிக்கொண்டு கடையின் கோடிக்குப் போய், ஒரு நீள மேசையைத் தட்டிப் பார்த்தார்.

"இதுல எட்டுப் பேரு உக்காரலாமுங்க" என்றார் அழகுமலை.

"எட்டுப் பேரு உக்காந்தா கால் தாங்குமா?"

"நொட்டை சொல்லாதீங்க ராவுத்தரே, யானையே ஏறலாமுங்க."

"யானைக்கு மேசை வாங்க வரலீங்க."

பேச்சு அப்படியே கரைந்தது. யோசித்து வருகிறோம் என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு வந்தார்கள்.

வண்டி தாமதம். பால் கேன்களுக்கு நடுவே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து உமர் மூன்று கடையையும் எடை போட்டார். பொள்ளாச்சியில் மரம் நல்லது, ஆனால் மாநில எல்லைச் செக்போஸ்ட் தாண்டி ஏற்றிவர வேண்டும். அழகுமலை வாய்க்காரன். "சுல்தான்பேட்டையே எடுத்துருவோம் ஐசு. நாளைக்கே போய் அச்சாரம் குடுத்துர்றேன். உனக்கும் அதுதானே புடிச்சது? உங்கண்ணன் ஊட்டு ஆளுக வந்தா ஆறு பேரும் உக்காரலாம்."

அந்த ஆறு நாற்காலியும் ஐசும்மாவின் கண்ணுக்கு முன்னால் நிரம்பின. அண்ணன், மதினி, பிள்ளைகள். அவள் மட்டும் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"ம்" என்றாள்.

ஆயுசெல்லாம் அடுத்தவன் "ம்"மைக் கேட்டே பிழைத்தவர் உமர். நஷ்டத்துக்கு விற்கிறவன் சொல்கிற "ம்" அவருக்கு நன்றாகத் தெரியும். தோளில் கிடந்த துண்டை எடுத்து, இருவருக்கும் நடுவே பெஞ்சில் விரித்து, அதற்கடியில் கையை நுழைத்தார்.

"சந்தைக்காரர் மகதானே நீ? புடி. எத்தனை நாற்காலி?"

ஐசும்மா அக்கம்பக்கம் பார்த்தாள். பால்காரி ஒருத்தி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தேடிக்கொண்டிருந்தாள். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கையை உள்ளே விட்டாள். இரண்டு விரலைப் பிடித்தாள். இறுக்கிப் பிடித்தாள்.

சந்தைப் பேச்சில் இரண்டு விரல் இரண்டாகவும் இருக்கலாம், இருபதாகவும் இருக்கலாம். உமர் பழக்கதோஷத்தில், "இருபதா?" என்று கேட்டுவிட்டார்.

"கல்யாண மண்டபமா வச்சிருக்கோம்? ரெண்டு மச்சான். எதிரும் புதிருமா."

"அந்த உருண்ட மேசையா?"

"நீங்கதான் அதப் பாக்கவே இல்லையே?"

"நீயுந்தான் பாக்கல." உமர் சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. "தோப்புக் கொட்டகையில நின்னுக்கிட்டே தின்னு பழகிப்போச்சு ஐசு. எதுத்தாப்புல ஒரு மூஞ்சி இல்லைன்னா சோத்த எதுக்குப் பாத்துத் திங்கணும்? நீ பெரிய ஊட்டுப் புள்ள. ரெண்டு நாற்காலி வாங்குனா, இவன் கையிறுக்கம்னு நெனப்பியோன்னு இருந்துச்சு."

வண்டி வந்தது. பால் கேன்கள் ஏறின. இவர்கள் ஏறவில்லை.

திரும்பி நடக்கும்போது உமருக்குக் கவலை பிடித்துக்கொண்டது. போன காலோடு திரும்பி வருகிறவனுக்கு எந்தக் கடைக்காரனும் விலையை இறக்கமாட்டான். "நீ வாயத் தொறக்காத. மழைக்கு ஒதுங்குனோம்னு சொல்லிக்கிறேன்."

வானத்தில் ஒரு துளி மேகம் கிடையாது.

கடையில் அழகுமலை அந்த வட்ட மேசையைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார். நாற்காலிகளை எதிரெதிராகப் போட்டும் வைத்திருந்தார்.

"வாங்கோ, வாங்கோ. வண்டி போயிருச்சுங்களா?"

"அத விடுங்க. இதென்ன, கால் ஆடுதே? யாரோ வேண்டான்னு விட்டுப்போன சாமானாட்டம் இருக்குது" என்று உமர் இழவு வீட்டுக் குரலை எடுத்தார்.

"ஏனுங்க ராவுத்தரே, இந்தக் கடைக்குள்ள வர்ற அத்தன பேரும் இதுல முட்டிக்கிட்டு, என்னையத் திட்டிக்கிட்டுத்தான் உள்ள போறாங்க. நீங்க ரெண்டு பேரு மட்டும் தூங்கற கொழந்தையத் தாண்டற மாதிரி ஒரசாம சுத்திப் போனீங்க. அப்பவே துடைக்கத் துணி எடுத்துட்டனுங்க."

உமர் அதற்கும் அசரவில்லை. குனிந்து மேசைக்கு அடியில் வெடிப்புத் தேட ஆரம்பித்தார். அப்போதுதான் ஐசும்மா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கடைக்காரர் பார்க்க, புருஷன் நின்றுகொண்டிருக்க, உட்கார்ந்தாள்.

"நல்லாருக்கு மச்சான்" என்றாள் சத்தமாக. "எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு."

பூத்த தோப்பில் ஆலங்கட்டி மழை விழுந்ததைப் பார்த்தவர் மாதிரி உமர் நிமிர்ந்தார். பேரத்தில் இனி மிச்சம் ஒன்றுமில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். எதிர் நாற்காலியை இழுத்துத் தானும் உட்கார்ந்தார்.

"வெலையப் பொறவு பேசிக்கலாமுங்க, மொதல்ல டீ சொல்றனுங்க" என்று அழகுமலை வெளியே போனார்.

டீ வந்தது. இருவருக்கும் நடுவே கிளாஸ்களை வைத்துவிட்டு அழகுமலை நாசூக்காகக் கோடிக்கு நகர்ந்தார். உமர் ஊதி ஊதி, மெதுவாகக் குடித்தார். பிடிக்க வேண்டிய ரயில்தான் ஏற்கெனவே போய்விட்டதே.

பாதி கிளாஸில் அவருக்குள்ளிருந்த வியாபாரி முழித்துக்கொண்டார். "சரிங்க, கையக் குடுங்க பேசுவோம்" என்று அழகுமலையைக் கூப்பிட்டுத் தோளிலிருந்து துண்டை உருவினார். ஐசும்மா எட்டி அதைப் பிடுங்கினாள்.

"இருங்க மச்சான். டீ சிந்தியிருக்கு" என்று சொல்லி, அந்தத் துண்டால் தன் மேசையைத் துடைத்தாள்.