நடுங்காத வெளிச்சம்

திரையில் சுரங்கக் காட்சி வந்ததும் நெமேசியோ கோக்கா இலை மெல்வதை நிறுத்தினார்.

நாற்பத்திரண்டு வருடங்களுக்குப் பிறகு புதுப்பித்த படம். அதன் ஒளிப்பதிவாளர் அவர். சரி என்று அவர் கையெழுத்திட்டால்தான் பிரதி வெளியே போகும். போட்டால், முதல்முறையாக அவர் பெயர் திரையில் தனியாக வரும். பழைய பிரதியில் அது ஜீப் ஓட்டியவரின் பெயருக்கும் கீழே இருந்தது.

இருட்டில் செத்துக் கிடக்கும் தொழிலாளியின் முகத்தில் ஒரு கீற்று வெயில். அது கடவுளின் வெளிச்சம் என்றும், அதற்காக மூன்று நாள் தவம் கிடந்ததாகவும் இயக்குநர் உர்கிதி பேட்டிக்குப் பேட்டி சொல்லிவந்தார். அவர் கிடந்தது ஜீப்பில், மலை உயரம் ஒத்துக்கொள்ளாமல். வீடு வீடாக ஏறி அலமாரிக் கண்ணாடிகளைக் கழற்றி வந்தவர் நெமேசியோ. பெண்கள் சுரங்கத்துக்குள் வந்தால் தாது ஒளிந்துகொள்ளும் என்று தொழிலாளிகள் மறித்தார்கள். அதனால் வெளியே தாதுக்கல் பொறுக்கும் பெனீத்தா சுரங்க வாசலிலேயே, குளிர்காற்றில், முதல் கண்ணாடியைப் பிடித்தாள். உள்ளே ஆண்கள் பிடித்த நான்கு கண்ணாடிகள் அந்த வெயிலை முகம்வரை கொண்டுபோயின. அவள் கை நடுங்கியது, வெயிலும் நடுங்கியது. செத்தவன் மூச்சுவிடுவதுபோல இருந்தது.

இப்போது வெளிச்சம் ஆணி அடித்ததுபோல் நின்றது.

நடுக்கம் எங்கே என்று நெமேசியோ கேட்டார். பிரதியைச் சரிசெய்த யோலா, அது பிலிம் கெட்டதால் வந்தது என்று நினைத்ததாகவும், இயக்குநரும் எடுத்துவிடச் சொன்னதாகவும் தயங்கிச் சொன்னாள்.

"கடவுளோட வெளிச்சம் நடுங்காதுப்பா," என்றார் பின்வரிசையிலிருந்து உர்கிதி.

"கடவுள் எங்க வந்தாரு? வெளிய நின்னது பெனீத்தா. நீங்க ஜீப்புல வாந்தி எடுத்துட்டிருந்தீங்க."

உர்கிதி சிரித்தார். "போடுய்யா கையெழுத்த. பேரு தனியா வருதுல்ல?"

 நெமேசியோ பேனாவை மூடினார்.

"நடுக்கத்தத் திருப்பி வை, யோலா. அப்பதான் கையெழுத்து. என் பேருக்கு மேல அவ பேரு வரணும்."

உர்கிதியின் சிரிப்பு நின்றது. யோலா அவர் பக்கம் திரும்பவில்லை; தாளை எடுத்தாள்.

"அவங்க முழுப் பேரு என்ன சார்?"

நெமேசியோ வாயைத் திறந்தார். அத்தனை வருடமும் அவள் பெயரை அவரும் யாரிடமும் சொன்னதில்லை. படம்பிடித்த அன்று அவளிடம் முழுப் பெயரைக் கேட்டிருக்கவும் இல்லை.

உர்கிதிமேல் இருந்த கோபம் அப்படியே இருந்தது. அதில் பாதி இப்போது நெமேசியோவின் பக்கமே திரும்பியது.

"தெரியல," என்றார்.