வெங்காயத் தோட்டத்துக்குள் வந்த யுத்தம்

போன வருடம் வைகாசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒசராவுக்கும் மெல்வானுக்கும் இடையிலான யுத்தம் உரும்பிராயில் அருளம்பலத்தின் வெங்காயத் தோட்டத்துக்குள் வந்து இறங்கியது. அவை இரண்டும் கடல்களுக்கு அப்பால் இருக்கும் அயல்நாடுகள். பெரிய நாடுகள் உலகத்தை இரண்டாகப் பிரித்து மோதிக்கொண்டிருந்த சந்தடியில், இவையும் தங்கள் பழைய எல்லைச் சண்டையைக் கையில் எடுத்திருந்தன. ஷெல்கள் வேலிக்குள் மட்டுமே விழுந்தன. பக்கத்துக் காணி வாழையில் ஓர் இலைகூடக் கிழியவில்லை. பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டு நின்ற அருளம்பலம் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வேலிக்கு மேலால் பாய்ந்தார்.

ஊர் திரண்டு வந்து பார்த்தது. ஒருவரும் ஓடவில்லை, ஓடக்கூடிய இடமெல்லாம் முன்னமே ஓடி முடித்தவர்கள்போல் நின்றார்கள். பொலிஸ் மஞ்சள் நாடா கட்டியது. கொழும்பிலிருந்து வந்த அதிகாரிகள் இது இந்த நாட்டு யுத்தம் அல்ல என்று சொல்லிப் போனார்கள். மருதனார்மடம் சந்தையில் வெங்காய விலை கொஞ்சம் ஏறியது.

அந்தக் கிழமை முடிவில் ஒரு மெல்வான் சிப்பாய் வேலிவரை தவழ்ந்து வந்தான். மீசை சரியாக அரும்பவில்லை. அருளம்பலத்தின் மனைவி பாலேஸ்வரி வேலி மட்டைகளைப் பிரித்து அவனை இழுத்தெடுத்தாள். தண்ணீர் பருக்கினாள். அது கடைவாயால் வழிந்தது. அவள் மடியிலேயே செத்துப்போனான்.

உடலை யாரும் பொறுப்பெடுக்கவில்லை. பெயர் இல்லை, கடவுச்சீட்டு இல்லை, வந்த வழிக்குச் சட்டமும் இல்லை என்று ஊரின் கிராம அலுவலரான விதானையார் கனகரத்தினம் கையை விரித்தார். பாலேஸ்வரியின் ஒரே மகன் நிருஷன் முள்ளிவாய்க்காலில் காணாமற்போனவன்.

"எங்கடை பிள்ளையை ஆர் எடுத்து அடக்கினவையோ தெரியாது, விதானையார். உவனை நாங்கள் எரிக்கிறம்."

அருளம்பலம் கொள்ளி வைத்தார்.

முப்பத்தோராம் நாள், அவனுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்த அன்று, ஷெல் விழுந்துகொண்டிருந்த தோட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண் நடந்து வந்தாள். அந்த வெயிலிலும் அவள் தோளில் உறைபனி உருகாமல் கிடந்தது. வேலியடியில் நின்று ஒரு படத்தை நெஞ்சுயரத்தில் பிடித்துக் காட்டினாள். செத்துப்போன அந்தப் பொடியன்தான். வருடக்கணக்காகக் கிளிநொச்சி வீதியோரத்தில், காணாமற்போனவர்களைக் கேட்டுப் போராடும் தாய்மாரோடு, பாலேஸ்வரியும் அப்படித்தான் நிருஷனின் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவள். சொல்வதற்குப் பாஷை இல்லை. அந்தத் தாயின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, அவனுக்குப் படைத்திருந்த இலைக்கு முன்னால் இருத்தினாள். அவள் இலையைப் பார்த்தாள், விளங்கிக்கொண்டாள். அவள் வைத்த ஓலத்தில் இரண்டு பக்கத்துத் துப்பாக்கிகளும் நின்றன. பிறகு மறுபடி தொடங்கின.

"அவளுக்கெண்டாலும் தெரிஞ்சிட்டுது," என்றாள் பாலேஸ்வரி புருஷனிடம்.

யுத்தம் இன்னும் முடியவில்லை. அருளம்பலம் கோப்பாயில் குத்தகைக் காணி செய்கிறார். மெல்வான்காரி திரும்பிப் போகவில்லை. மாரி தொடங்க, ஒசராப் பக்கத்திலிருந்தும் ஒருத்தி படத்தோடு வந்தாள்; அவளுடைய பிள்ளையை இங்கே ஒருவரும் கண்டதில்லை. முதலில் அந்த இருவரும் முகம் பார்க்கவில்லை. பாலேஸ்வரி இருவருக்கும் ஒரே கேத்திலில் தேத்தண்ணி ஊற்றினாள். இப்போது கிழமைக்கு ஒருதரம் மூன்று பேருமாகக் கிளிநொச்சி பஸ் ஏறுகிறார்கள். மெல்வான்காரியின் கையில் இருப்பது நிருஷனின் இன்னொரு படம். நடத்துனர் ஒன்றும் கேட்காமல் மூன்று ரிக்கற் கிழித்துக் கொடுக்கிறார்.